ஒச்சம்மாள் இறக்காத சட்டி

ஒச்சம்மாள் கறிக்கடையிலிருந்து திரும்பி வந்தபோது வளவின் கேட்டில் வேப்பிலைக் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது.

போகும்போது இல்லை. இருட்டு முழுசாகப் பிரியாத நேரத்தில் கூடையை எடுத்துக்கொண்டு இதே கேட்டைத் திறந்துதான் போனாள். கம்பி வெறுங்கம்பியாக இருந்தது. முதல் ஆட்டை உரிக்கும்போதே போய் நின்று, பின்தொடையை விரலால் காட்டி, கடைக்காரர் கழுத்துப் பக்கம் கத்தியைக் கொண்டுபோகும்போதெல்லாம் அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்து, எலும்பே இல்லாத கறியாக இரண்டு கிலோ வாங்கி வந்திருந்தாள். அதற்குள் இந்த வேலை நடந்துவிட்டது.

"அட எழவே" என்று வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கினாள். ஆத்தா வந்திருக்கும்போது அப்படிச் சொல்லக்கூடாது. அம்மை என்றுகூடச் சொல்லக்கூடாது. ஆத்தா வந்திருக்கா, முத்துப் போட்டிருக்கா, விளையாடுறா, இவ்வளவுதான் சொல்லலாம். ஆத்திரம் வந்தால் வேறு யாரையாவது திட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கென்று ஒச்சம்மாளுக்கு ஒரு ஆள் இருந்தார்.

"இஞ்சேருங்க! யாரு வீட்டுக்கு இது?"

குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த அவள் புருசன் மொக்கச்சாமி வாய் நிறையப் பல்பொடியோடு நிமிர்ந்தார். பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர். வாரத்தில் ஒருநாள் லீவு, அந்த ஒருநாளும் நிம்மதியாகப் பல் விளக்க முடிந்ததில்லை.

"வசந்தி வீட்டுக்குத்தான். பெரியவளுக்குப் போயி, இப்பச் சின்னதுக்கு. ராத்திரி காய்ச்சலடிச்சுச்சாம், காலையில பாத்தா முதுகு பூராம் முத்து."

"பாத்துக்கிட்டு நின்னீகளாக்கும்?"

"ஆத்தா வர்றப்ப நான் என்ன, கேட்டைப் பூட்டியா வைக்க முடியும்?"

அந்த வளவில் ஆறு வீடு. நடுவில் ஒரு முற்றம், ஒரு குழாய், தெருவுக்கு ஒரே கேட். ஒரு வீட்டில் தும்மினால் ஐந்து வீட்டில் "நூறு" சொல்வார்கள். மாசி பிறந்ததும் குழாயடி வீட்டுப் பிள்ளைக்கு முதலில் வந்தது. மூன்று தண்ணீர் ஊற்றி, வேப்பிலையைக் கழற்றி, அப்பாடா என்று உட்கார்ந்தால் மாடி வீட்டுக்குப் போயிற்று. அங்கே மூன்று தண்ணீர் முடிந்து வசந்தியின் மூத்த மகள் கௌசி. ஆத்தாளும் ஒரே தடவையாக எல்லோர் வீட்டையும் பார்த்துவிட்டுப் போகாமல், ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். கேட்டில் வேப்பிலை இருக்கிறவரைக்கும் வளவில் ஒருவரும் தாளிக்கக்கூடாது, வறுக்கக்கூடாது, கறி மீன் ஆகாது. மாடி வீட்டுக்காரி ஒருநாள் மறந்துபோய் ரசத்துக்குக் கடுகைப் போட்டுவிட்டாள். அன்றைக்குக் குழந்தைக்குச் சுரம் கூடியதற்கு அந்தக் கடுகுதான் காரணம் என்று இன்றைக்கும் பேச்சு.

வெள்ளிக்கிழமை கௌசிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று. வேப்பிலையை அவிழ்த்துக் கிணற்றில் போட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் ஒச்சம்மாள் சனிக்கிழமை சாயங்காலம் மிளகாயும் சீரகமும் சோம்பும் வறுத்து அம்மியில் அரைத்து வைத்தாள். சின்ன வெங்காயம் உரித்தாள், கண் எரிய எரிய. எல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்காக. ஏனென்றால் அண்ணன் வருகிறான்.

அண்ணன் வருகிறான் என்பதை மற்ற வீடுகளில் சொல்வதுபோல் இங்கே சொல்லிவிட முடியாது. பெத்தணசாமி இந்த வாசலை மிதித்துப் பத்துப் பன்னிரண்டு வருசம் ஆகிறது. கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். ஒச்சம்மாளின் மகள் நாகஜோதி பெரியவளானபோது தாய்மாமன் என்கிற முறையில் உசிலம்பட்டியிலிருந்து தட்டுத் தட்டாகச் சீர் தூக்கிக்கொண்டு வந்தான். மேளம் வைத்து, வெடி போட்டு, தெருவே வேடிக்கை பார்த்தது. கிடா வெட்டி மண்டபத்தில் விருந்து. அந்த விருந்தில் அவனை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்து, அவன் இலையில் கழுத்தெலும்பைப் போட்டுவிட்டார்கள். வாளியும் கரண்டியுமாகப் பரிமாறிக்கொண்டு போனது சாட்சாத் மொக்கச்சாமி. பெத்தணன் இலையை மூடாமல் எழுந்தான். கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறிப் போய்விட்டான்.

ஒச்சம்மாள் அப்போது மண்டபத்துப் பின்பக்கம் அடுப்பு முன்னால் நின்றாள். யாரோ ஓடிவந்து, "உங்கண்ணன் எலையை விட்டு எந்திரிச்சிட்டாராம்ல, எலும்பைப் போட்டுட்டாகளாம்" என்று சொன்னார்கள். கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். பஸ் போய்விட்டது.

அதோடு சரி. நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. "கழுத்தெலும்புக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனவன்" என்று சொந்தக்காரர்கள் பேர் வைத்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கோபம் தீர, சமைக்கிற நாளெல்லாம் மொக்கச்சாமியைத்தான் கேட்டாள். "கரண்டியில என்ன வருதுன்னு பாக்க மாட்டீகளா? கண்ணு எங்கேய்யா இருந்துச்சு?" அவரும் பத்து வருசமாக ஒரே பதிலைத்தான் சொன்னார். "வாளிக்குள்ள கைய விட்டா பொறுக்க முடியும்?"

இப்போது நாகஜோதிக்கு வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறை ஏறினால் மாப்பிள்ளை வீட்டார் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. "தாய்மாமன் இருக்காருல்ல?" என்று ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். உறவில் ஒரு பெரியவரைத் தூது விட்டாள். அவர் போய்ப் பேசி வந்து சொன்னார்: "ஞாயித்துக்கெழமை மத்தியானம் வர்றானாம். மொத அவ வீட்டுல கை நனைக்கிறேன், பெறகு தாம்பூலத்தட்டுல பத்திரிக்கைய வைக்கட்டும்னு சொல்றான். சாயங்காலம் போர் வண்டியில ஆந்திராவுக்குக் கெளம்புறானாம். அன்னைக்கி விட்டா இனி கல்யாணத்துக்கு நீயும் நானுந்தான்."

பெத்தணன் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியில் டிரைவர். கோடை வந்தால் ஆந்திரா, கர்நாடகா என்று போய்விடுவான். எந்த ஊரில் நிற்கிறான் என்று வண்டி முதலாளிக்கே தெரியாது. அப்புறம் எந்தத் தட்டை யார் கையில் கொடுப்பது?

கை நனைக்கிறேன் என்றால் சோறும் சாம்பாரும் அல்ல. கறிச்சோறு. அதிலும் ஒச்சம்மாள் வீடென்றால் சுக்கா. அவள் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. வருசமெல்லாம் அண்டாவில் தண்ணிச் சாம்பாரைக் கிண்டிக் கிண்டி வெறுத்துப் போனவள். அந்த வெறுப்போ என்னவோ, வீட்டில் சுக்கா வறுக்க நின்றால் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவிட மாட்டாள். கறி தன் தண்ணீரிலேயே வெந்து, அந்தத் தண்ணீர் சுண்டி, எண்ணெய் பிரிந்து, அந்த எண்ணெயும் கறிக்குள் இறங்கி, மசாலா கறியோடு ஒட்டிக் கறுத்து வருகிறவரைக்கும் சட்டியை இறக்கவே மாட்டாள். பசியில் பிள்ளை அழுதாலும் சரி, விருந்தாளி கொட்டாவி விட்டாலும் சரி. "இன்னும் வத்தல" என்பாள். "ஒச்சம்மா வீட்டுக்குப் போறதுன்னா சாப்புட்டுட்டுப் போ" என்று சொந்தத்தில் கேலி உண்டு.

கறிக்கூடையோடு அவள் தன் வீட்டு வாசலில் நின்று யோசித்தாள். கதவு ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணியைச் செருகி வறுத்தால் என்ன? ஒரு மணிநேர வேலை. யாருக்குத் தெரியப் போகிறது?

திரும்பினால் வசந்தி நின்றாள். இடுப்பில் சின்னது. கண் இரண்டும் வீங்கி, கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று. அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு கூடையையே பார்த்தது.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் வசந்தி. "உங்க அண்ணன் வர்றாருன்னு தெரியும். நீங்க எம்புட்டு நாளா எதிர்பாத்தீகன்னும் தெரியும். நான் என்னக்கா செய்யட்டும்? நானா கூப்புட்டேன்?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சண்டைக்கு வந்திருந்தாலாவது நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம்.

"போத்தா, பிள்ளையை உள்ள கொண்டுபோ. வெயில்ல நிக்காத" என்றாள் ஒச்சம்மாள். வீட்டுக்குள் போய்க் கூடையைத் தரையில் வைத்த வேகத்தில் கறி துள்ளி விழாததுதான் மிச்சம்.

நாகஜோதி தலை பின்னிக்கொண்டிருந்தாள். "அம்மா, வறுக்கத்தானே கூடாது? வெளிய எங்கனயாச்சும் வறுத்து மூடி எடுத்துட்டு வந்துட்டா?"

"கறியும் ஆகாதுடி."

"வாசம் வந்தாத்தானம்மா ஆத்தாளுக்குத் தெரியும்?"

படிக்கவைத்ததற்கு இந்த ஒரு பலன் கிடைத்தது. ஆத்தாளை ஏமாற்றுகிறோமோ என்று ஒச்சம்மாளுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆத்தாளும் ஒரு பெண்பிள்ளைதானே, அண்ணன் தம்பி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கறியை அலசி, மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறித் தூக்குவாளியில் வைத்தாள். மசாலா ஒரு கிண்ணத்தில், வெங்காயம் ஒரு பையில், நல்லெண்ணெய் ஒரு பாட்டிலில். கிளம்பும்போது கணவரை வாசலில் நிறுத்தினாள்.

"நீங்க இந்தக் கேட்டை விட்டு அசையக்கூடாது. எங்கண்ணன் வந்தா, வேப்பிலையைப் பாத்துட்டுத் திரும்பிறப் போகுது. பக்கத்து வீட்டுக்குத்தான், நம்ம வீட்டுக்கு இல்லன்னு சொல்லிக் கூட்டிப் போயி உக்கார வைங்க. வாங்க மச்சான்னு வாயத் தொறந்து சொல்லணும். சொல்லுவீகளா?"

"சொல்றேன், சொல்றேன்."

"இப்பச் சொல்லுங்க பாப்போம்."

"வாங்க மச்சான்" என்றார் மொக்கச்சாமி, வேப்பிலையைப் பார்த்து.

முதலில் இரண்டு தெரு தள்ளிப் பாக்கியம் வீட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற சமையல்காரி. கேஸ் அடுப்பு இருக்கிறது, மனசும் இருக்கிறது. கதவைத் தட்டினால் திறந்தது அவள் புருசன். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை. பங்குனிப் பொங்கலுக்குப் பால்குடம் எடுக்கிறாராம். ஒச்சம்மாள் தூக்குவாளியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வா தங்கச்சி. என்ன வாளி?"

"மோருண்ணே" என்றாள். வாயில் அதுதான் வந்தது.

"அட, வெயிலுக்கு நல்லதா போச்சு. ஒரு டம்ளர் ஊத்திட்டுப் போ."

"இது புளிச்ச மோருண்ணே, ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. மாலை போட்டவரிடம் கறியை மறைத்து மோர் என்று சொன்ன பாவமும் கணக்கில் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்து அடுப்பு ஞாபகத்துக்கு வந்தது. சாவி சத்துணவு அமைப்பாளரிடம் இருக்கிறது. அதுவுமில்லாமல் பிள்ளைகள் சாப்பிடுகிற இடம், அங்கே போய்க் கறியா என்று தன் வாயிலேயே ஒரு அடி போட்டுக்கொண்டாள்.

வெயில் ஏறிவிட்டது. கறி இனித் தாங்காது. ஊரில் இத்தனை அடுப்பு எரிகிறது, ஞாயிற்றுக்கிழமை, தெருவெங்கும் கறி வாசம். ஒவ்வொரு வாசலிலிருந்தும் மிளகும் வெங்காயமும் மூக்கைத் துளைக்கின்றன. தெரியாத வீட்டில் போய்த் தட்டி, எங்க அண்ணனுக்குக் கறி வறுக்கணும் அடுப்பைக் கொடுங்கள் என்றால் நாயை அவிழ்த்துவிட மாட்டார்களா? நடுத்தெருவில் நின்று அழலாம்போல் இருந்தது. அழுதால் நேரம்தான் போகும்.

அவள் தெரு மெயின்ரோட்டில் வந்து சேருகிற இடத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், காஜா மாஸ்டரின் பரோட்டாக் கடை. சாயங்காலம்தான் வியாபாரம். காலையில் மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி அடுக்கிக்கொண்டிருப்பார். பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு விறகடுப்பும், கோழி வறுக்கிற பெரிய இரும்புச் சட்டியும் சும்மா கிடந்தன. வெளியே, தெருவைப் பார்த்து.

விசயத்தைக் கேட்டதும் காஜா சிரித்தார். "என் சட்டியில வறுத்தா என் ருசிதான் வரும், பரவாயில்லையாக்கா?"

"உங்க ருசி எனக்கெதுக்கு? சட்டியக் குடுங்க, சாம்பலைப் போட்டுத் தேய்க்கணும்."

"காலையிலதான் தேய்ச்சேன்."

"நான் ஒருக்காத் தேய்க்கிறேன்."

தேய்த்தாள். விறகைத் தள்ளினாள். நல்லெண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் கொட்டினாள். மாசி பிறந்த பிறகு முதன்முதலாகக் கரண்டியின் கீழ் சடசடவென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு ஒரு நொடி எல்லாக் கோபமும் அடங்கியது. ஒரு நொடிதான். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களெல்லாம் கடையை எட்டிப் பார்த்தார்கள். "மாஸ்டர், புது மாஸ்டரா?" என்று ஒருவன் கேட்டான். புகை கண்ணில் ஏறியது. காஜாவின் துண்டை வாங்கித் தலையிலும் மூக்கிலும் சுற்றிக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கூடப் பிறந்தவனுக்கு ஆக்கிப்போடக் கடைசியில் தெருவில் நின்று வறுக்க வேண்டியிருக்கிறது என்று நினைக்க நினைக்க, கரண்டி சட்டியில் மோதுகிற சத்தம் கூடிக்கொண்டே போனது. இதில் இன்னொரு பயம். அண்ணன் கண்ணில் இது பட்டால், தங்கச்சி கடையில் வாங்கி இலையில் வைத்தாள் என்று ஆகிவிடும். கழுத்தெலும்பையாவது ஒருநாள் மன்னிக்கலாம், கடைக்கறியை மன்னிக்க முடியாது.

கறி தண்ணீர் விட்டது. இரும்புச் சட்டி பெரிது, தண்ணீரும் நிறைய. மசாலாவைக் கரைத்து ஊற்றாமல் அப்படியே போட்டாள். கிண்டினாள். கறியைப் பிட்டுப் பார்த்தாள், வெந்துவிட்டது. தண்ணீர்தான் போக மாட்டேன் என்றது. விறகு ஈரம். ஊதினால் புகை, விட்டால் அணைகிறது.

"வத்தித் தொலையேன்" என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"வெந்துருச்சேக்கா, எறக்கலாம்ல?" என்றார் காஜா.

"இன்னும் வத்தல."

அதே நேரத்தில் வளவு வாசலில் மொக்கச்சாமி ஒரு நல்ல காரியம் செய்தார். வெயிலில் வருகிற மச்சானுக்குக் கலர் சோடா வாங்கி வைக்கலாம் என்று அவருக்குத் தானாகவே தோன்றியது. பத்து வருசத்தில் அவருக்குத் தானாகத் தோன்றிய முதல் யோசனை. பக்கத்துத் தெருக் கடை வரைக்கும் போய்வர எவ்வளவு நேரமாகும்? கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.

ஒச்சம்மாளின் முதுகுக்குப் பின்னால் பெஞ்சு கிரீச்சென்றது. யாரோ உட்கார்ந்தார்கள்.

"ஒரு டீ கெடைக்குமா பாய்?"

கரண்டி நின்றது. அந்தக் குரலுக்கு வயதாகியிருந்தது. மற்றபடி அதே குரல்.

"டீ இல்லண்ணே, பரோட்டாக் கடை. சாயங்காலந்தான்" என்றார் காஜா.

"இதென்ன, சட்டியில கறி வேகுது?"

"அது..."

"வயிறு காயுதுப்பா. காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. தங்கச்சி வீட்டுல விருந்துன்னு வெறும் வயித்தோட பஸ் ஏறுனேன். வாசல்ல வந்து பாத்தா வேப்பிலையக் கட்டி வச்சிருக்கா. கேட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. வர வேணாம்னா வாயில சொல்லிவிடலாம்ல? ஆத்தா பேரைச் சொல்லி இப்படியா வெரட்டணும்? போ, இவ ஒறவே வேணாம்னு திரும்பிட்டேன். ஊருக்குப் பஸ் எப்ப?"

காஜா ஒச்சம்மாளின் முதுகைப் பார்த்தார். பெத்தணனைப் பார்த்தார். மாவு உருண்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

"அந்தக் கறியில ஒரு தட்டு குடுய்யா, காசு தர்றேன்" என்றான் பெத்தணன்.

ஒச்சம்மாள் திரும்பினாள். தலையில் துண்டு, முகமெல்லாம் கரி, கண்ணிலிருந்து தண்ணீர். புகையோ வேறெதுவோ. கையில் கரண்டி.

"காசா குடுக்கிற, காசு?" என்றாள். "எங்கிட்டயே காசு குடுப்பியாண்ணே நீயி?"

பெத்தணன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

"ஒச்சு? நீ என்னத்தா இங்க, கடையில?"

"ம்? சம்பளத்துக்கு நிக்கிறேன்! பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆத்தா வந்திருக்கா. வளவுல வறுக்க முடியாதுன்னு வீடு வீடாப் பிச்சைக்காரி மாதிரி அலைஞ்சு, இந்தத் தெருவுல நின்னு உனக்குத்தான் வறுக்கிறேன். உனக்கு! கேட்டுல உன் மச்சானை நிறுத்திட்டுத்தான் வந்தேன். அந்த மனுசன் எங்க போயித் தொலைஞ்சாரோ! வேப்பிலையைப் பாத்ததும் திரும்பிட்ட. உள்ள எட்டி ஒச்சம்மான்னு ஒரு சத்தம் குடுத்தா வாயா வலிக்கும்? எலும்பைப் பாத்த, எந்திரிச்ச. எலையப் பாத்த, திரும்புன. உனக்கு ஒரு வார்த்தை கேக்கவே தெரியாதாண்ணே?"

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

"எலும்புக்கா நான் எந்திரிச்சேன்?" என்றான் பெத்தணன்.

"பின்ன?"

"எலும்பு விழுந்துச்சு, விழுந்துட்டுப் போகுது. எனக்கு எலும்பு புடிக்கும்னு உனக்குத் தெரியாதா? சீர் தூக்கிட்டு வந்தவன், ரெண்டாம் பந்தியில உக்காந்து பந்தி முழுக்க நிமுந்து நிமுந்து பாக்குறேன். உன்னையக் காணோம். ஊர்ல உள்ளவன் எலைக்கெல்லாம் ஆள் வந்து கேக்குறான், இன்னுங் கொஞ்சம் வையி, இன்னுங் கொஞ்சம் வையின்னு. என் எலைக்கு என் தங்கச்சி வரல. அப்பறம் எனக்கு அங்க என்ன சோறு?"

ஒச்சம்மாள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இதைத்தானண்ணே வறுத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "உனக்குன்னு தொடைக்கறி தனியா எடுத்து வச்சிருந்தேன். பந்தி உக்காந்திருச்சுன்னாக. ரெண்டு நிமிசம், வத்தட்டும்னேன். உங்கண்ணன் எலைக்கு வாத்தான்னாக. இந்தா வத்திருச்சு, வர்றேன்னேன். வத்தல. வத்தாம எப்படி உனக்குக் கொண்டாந்து வைக்க? நீ எந்திரிச்சிட்டன்னதும் கரண்டியோட வாசலுக்கு ஓடியாந்தேன், பஸ்ஸு போயிருச்சு."

"அந்தக் கறிய என்ன செஞ்ச?"

"நாய்க்குப் போட்டேன்."

பத்துப் பன்னிரண்டு வருசம். ஒருவரும் சாகவில்லை, சொத்துத் தகராறு இல்லை, ஒரு சட்டி வற்றவில்லை, அவ்வளவுதான். அவளுக்குத் தன் முகத்தில் ஓங்கி அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவனையும் இரண்டு சாத்த வேண்டும்போல் இருந்தது.

பெத்தணன் கடை ஓரத்துக் குடத்தில் தண்ணீர் மொண்டு கையை நனைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். காஜா சத்தமில்லாமல் ஒரு வாழையிலைத் துண்டைத் துடைத்து அவன் முன்னால் விரித்தார்.

"வையி" என்றான்.

ஒச்சம்மாள் சட்டியைப் பார்த்தாள். ஓரத்தில் எண்ணெய் இன்னும் பிரியவில்லை. நடுவில் மசாலாத் தண்ணீர் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. கறி இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது, கறுக்கவில்லை.

"இன்னும் வத்தலண்ணே. ரெண்டே நிமிசம்..."

சொல்லிவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டாள்.

சேலைத் தலைப்பால் சட்டியின் காதைப் பிடித்து இறக்கினாள். தண்ணீரும் மசாலாவுமாக ஒரு கரண்டி அள்ளி அண்ணன் இலையில் வைத்தாள். சாறு இலை ஓரத்துக்கு ஓடியது. காஜா நேற்றைய பரோட்டா இரண்டைக் கல்லில் சுடவைத்துக் கொண்டுவந்து போட்டார். பெத்தணன் பிய்த்து, தொட்டு, வாயில் வைத்தான். ஒச்சம்மாள் கரண்டியோடு இலைக்கு முன்னால் நின்றாள்.

மச்சானை இன்னும் காணோமே என்று பஸ் நிறுத்தத்தை எட்டிப் பார்க்க, தெருவிலிருந்து மொக்கச்சாமி கையில் இரண்டு கலர் பாட்டிலோடு வேகமாக வந்தார். பெஞ்சில் இருந்த ஆளைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"வாங்க மச்சான்" என்றார்.

"நீங்க பேசாதீக" என்றாள் ஒச்சம்மாள். "வீட்டுக்குப் போயி உங்க மகளைத் தாம்பூலத்தட்டை எடுத்துக்கிட்டு ஓடியாரச் சொல்லுங்க. ஓடுங்க!"

அவர் பாட்டிலை பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினார்.

பெத்தணன் மென்றுகொண்டே இலையில் கறியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எதையோ தேடினான்.

"ஏத்தா, இதுல ஒரு எலும்புகூட இல்லையே?"

"இல்ல" என்றாள். "காலையில கடைக்காரன்கிட்டச் சண்டை போட்டு, ஒண்ணுகூட இல்லாம வாங்கியாந்தேன்."

"எலும்பில்லாம என்னத்தா கறி" என்று சலித்துக்கொண்டு அவன் இலையை அவள் பக்கம் நகர்த்தினான். "சரி, இன்னுங் கொஞ்சம் வையி."